மூன்று மிதி

டாக்டரம்மா ஊசி முனையால் அவன் கால் கட்டைவிரலைத் தொட்டார்.

"தெரியுதா?"

"தெரியுது."

"எந்தக் கால்?"

"வலது."

ஊசி இடது காலில் இருந்தது.

கட்டிலோரம் நின்ற அவன் மனைவி, அந்த விரலையே பார்த்தாள்.

நேற்று மாலை வைக்கோல் லாரிமேல் ஏறிக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான். கயிறு அறுந்தது. தார் ரோட்டில், உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். ஆனாலும் வீட்டுக்கு நடந்துதான் வந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால், நடந்து.

அவள் கால் முன்னால் வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மூன்று தடவை மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பார்கள். தெருவே அவள் வாசலில் வந்து குப்புறப் படுக்கும். "மெதுவா தாயி, நாளைக்கு ரேஷன் கடையில நிக்கணும்" என்று கேலி பேசும். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போகும்.

அவனும் குப்புறப் படுத்தான்.

"ஊருக்கெல்லாம் மிதிக்கிற. எனக்கும் மிதி, வெள்ளத்தாயி. பழைய கோவத்தையெல்லாம் சேத்து மிதி."

சிரித்துக்கொண்டேதான் மிதித்தாள். ஆசையாகத்தான் மிதித்தாள்.

மூன்றாவது மிதியில் உள்ளே ஏதோ நகர்ந்தது.

அவள் பாதத்துக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவன் எழவில்லை.

டாக்டரம்மா எழுதியபடியே கேட்டார். "விழுந்த பிறகு யாராவது அமுக்கினாங்களா? நீவி விட்டாங்களா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"யாரும் தொடலை டாக்டர்," என்றான் அவன். "விழுந்தேன். அதோட சரி."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும். நடக்கிறதைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. அசையாமப் படுங்க. தலையைக்கூடத் தூக்கக் கூடாது."

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவள் கால்மாட்டுக்கு வந்தாள்.

அவன் பாதங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். குனிந்து, அவற்றின் மேல் நெற்றியை அழுத்தினாள். கண்ணீர் விரலிடுக்கில் இறங்கியது.

சத்தம் வராமல் மன்னிப்புக் கேட்டாள்.

ரொம்ப நேரம்.

மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தபடி அவன் கூப்பிட்டான்.

"எங்க போன, வெள்ளத்தாயி? கிட்ட வா."