இன்னும் ஒரு சுத்து

"இன்னும் ஒரு சுத்து. அவ்வளவுதான். ம்... சுத்துங்க!"

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

அண்ணன் சமையலறை அலமாரிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கதவின் கீலில் இருந்த ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டிருந்தார். வலது கை வெடவெடவென்று நடுங்கியது. ஸ்க்ரூ டிரைவர் நழுவித் தரையில் விழுந்தது.

அண்ணி எடுத்துத் தரவில்லை. அவரேதான் குனிந்து எடுத்தார்.

ஊரிலிருந்து அப்போதுதான் வந்து நுழைந்த தங்கை பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள். பக்கவாதம் வந்து பிழைத்து எழுந்த மனுஷனை இப்படியா வேலை வாங்குவது?

"என்ன அண்ணி இது? ஒரு கார்பென்டரைக் கூப்பிடக் கூடாதா?"

"இந்த வீட்ல ரிப்பேர்காரன் எப்போ வந்திருக்கான்? எல்லாம் உங்கண்ணன்தானே பார்ப்பார்."

அது உண்மைதான். குழாய், மின்விசிறி, கதவு, ஜன்னல் எல்லாமே அண்ணன் கைதான். ஒரு தடவை குழாயைச் சரிபண்ணப் போய், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீரை நிறுத்தினவர். அப்போதும் ஆளைக் கூப்பிடவில்லை.

ஆனால் அது நல்ல கை இருந்தபோது.

மறுநாள் தங்கை கடைத்தெருவுக்குப் போனாள்.

"கை சரியில்லாதவங்க ஸ்க்ரூ முடுக்குற மாதிரி ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் பேட்டரியில் ஓடும் ஒன்றை எடுத்து வைத்தார். "பட்டனை அமுக்கினா போதும்மா. கையைத் திருப்பவே வேண்டாம்."

வீட்டுக்கு வந்து பெருமையாகப் பிரித்துக் காட்டினாள். அண்ணி அதை வாங்கிப் பார்த்தாள்.

"கையைத் திருப்பவே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்!"

அண்ணி அதைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"இது இங்க ஆகாது."

"ஏன் அண்ணி? அவர் கஷ்டப்படறதைப் பார்க்க உங்களுக்கு அவ்வளவு ஆசையா?"

அன்று முழுக்க இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் காலையில் அண்ணன் குளிக்கப் போன நேரம். தங்கை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணி தரையில் மண்டியிட்டு, முந்தின நாள் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க இறுக்கிய ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி!"

வாய் தவறி வந்துவிட்டது. அண்ணி கோபப்படவில்லை. குளியலறைப் பக்கம் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"கத்தாதம்மா. அவர் காதுல விழுந்துடப் போகுது."

"எதுக்கு அண்ணி இதெல்லாம்?" தங்கை கிசுகிசுத்தாள்.

"ஆஸ்பத்திரியில பிசையச் சொல்லி ரப்பர் பந்து குடுத்தாங்க. 'நான் என்ன பச்சைப் பிள்ளையா?'ன்னு ஜன்னல் வழியா வீசிட்டார். கைக்குப் பயிற்சி குடுக்க வந்தவரை வாசலோட அனுப்பிட்டார். சுவத்தைப் பார்த்துப் படுத்தவர் எந்திரிக்கவே இல்ல. ஒரு நாள் இந்தக் கதவு தானாவே தொங்கிச்சு. கார்பென்டரைக் கூப்பிடறேன்னேன். கேட்டதும் விசுக்குனு எழுந்து உட்கார்ந்துட்டார்."

அண்ணி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் காட்டினாள்.

"பழசு மெல்லிசு. அவர் விரல் மூடல. கடையில இருந்த அத்தனையும் வலுவில்லாத என் இடது கையால பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தேன். 'வாங்கப் போறீங்களா, ஜோசியம் பார்க்கறீங்களா?'ன்னு கடைக்காரர் கேட்டுட்டார். இதுதான் குண்டுப் பிடி, வழுக்காது. திருப்பித் திருப்பித்தான் அந்தக் கைக்கு உயிர் வரணும். எனக்கு நிச்சயமாத் தெரியும், வந்துரும்."

தங்கை அண்ணியின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"இந்த ஸ்க்ரூவை நான் கழட்டறேன், குடுங்க."

தங்கை ஊருக்குக் கிளம்பும் நாள். அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் அண்ணன் ஜன்னல் கொக்கியை முடுக்கிக்கொண்டிருந்தார். தங்கை போய் அருகில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, கை இப்ப நல்லா வருது போல."

அவர் மாடிப்படிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவ ஸ்க்ரூவைக் கழட்டறதை உன்கிட்ட சொல்லிட்டாளா?"

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கு... தெரியுமா?"

"கீல் ஒரு தடவை தளரும், குட்டி. தினமுமா தளரும்? காலம் பூரா இதே வேலையா இருந்தவனுக்கு இது கூடவா தெரியாது?"

"அப்போ எல்லாம் தெரிஞ்சேதான் வீம்பு பண்ணாம பயிற்சி பண்றே. நல்லதுண்ணா. சீக்கிரமே கை பழையபடி ஆயிடும்."

அவர் ஸ்க்ரூ டிரைவரை மறுபடி ஸ்க்ரூவில் பொருத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"ஆகாது. இனி இதுக்கு மேல இந்தக் கை வராதுன்னு டாக்டர் என்கிட்ட தனியா சொல்லிட்டார். அவளுக்குச் சொல்லிடாதே. காலையில எந்திரிக்கும்போதே நம்பிக்கையோட எந்திரிக்கிறா, பாவம்."