ரப்பர் கருகும் வாசம்

நீட்டிய சாவியை அவன் உடனே வாங்கவில்லை.

"புடிங்க. நான் ஓட்டிக் காட்டி என்னுங்க ஆகப்போகுது? வாங்கறவரு நீங்க" என்றார் தேவசகாயம், வண்டிக்குச் சொந்தக்காரர்.

வாங்கிக்கொண்டான்.

நீலாம்பூர் பைபாஸ் ஓரம். காலை ஏழு மணி. மேற்கே கணவாய்ப் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்து, வெயில் வராமலே விடிந்திருந்தது. ராத்திரி மழையில் வண்டி நனைந்து நின்றது. இரண்டே கதவு. தாழ்ந்த கூரை. ஒன்பது வருடப் பழசு.

நான்கு வருடமாகத் தேடியிருந்தான். சீறிக்கொண்டு போகிற வண்டிகள் அவன் சம்பளத்துக்கு எட்டவில்லை. எட்டியவை எருமைக் கனம். கனமில்லாதவற்றில் பாதி ஆட்டோமேட்டிக். கியரைக் கையால் மாற்றாத வண்டி அவனுக்கு வண்டியே இல்லை. வளைவில் சாயக்கூடாது. ரோட்டில் கிடக்கும் சிறு கல்லும் ஸ்டியரிங்கில் தெரியவேண்டும். தள்ளித் தள்ளிக் கடைசியில் மிஞ்சியது இது ஒன்று.

இரண்டு பேர் முன்பே கேட்டு வந்தார்களாம். ஒருவன் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமிருக்கிறதா என்றானாம். தேவசகாயம் அவனை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஓட்டத் தெரிந்தவன் கைக்குப் போகட்டும் என்று இவனுக்காக நிறுத்திவைத்திருந்தார்.

அது போன மாதம்.

இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

பம்ப் கம்பெனி ஸ்டோர் ரூமில் தனியாக நின்றிருந்தான். எங்கோ ரப்பர் கருகும் வாசம். ஒயர் எரிகிறதோ என்று திரும்பினான். அடுத்து அவன் பார்த்தது கூரையை. தரையில் கிடந்தான். வாயில் ரத்தம். நாக்கைக் கடித்திருந்தான்.

எதுவும் எரிந்திருக்கவில்லை.

வலிப்பு என்றார் டாக்டர். அந்த வாசம் மூளைக்குள்ளிருந்தே கிளம்புவது, பக்கத்தில் இருப்பவருக்கு வராது என்றார். மாத்திரை எழுதினார். எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டான். இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்.

சுகந்தியிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். பைக் ரிப்பேர் என்று சொல்லிக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தான். மனைவி வேறெதுவும் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள். ஒன்றும் வரவில்லை.

ஒரே ஒரு முறைதானே என்று நினைத்தான். நினைத்து நினைத்து நம்பியும் விட்டான்.

உட்கார்ந்தான். இடது காலில் கிளட்ச் கனமாக, நேர்மையாக இருந்தது.

ஒன்று. இரண்டு.

மூன்றாவதில் எஞ்சினின் குரலே மாறியது.

சிரித்துவிட்டான்.

"இப்பத் தெரியுதுங்களா?" என்றார் தேவசகாயம் பக்கத்திலிருந்து. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் பாட்டை யாரோ ரசிப்பதைப் பார்க்கிற தகப்பனின் சிரிப்பு.

தெரிந்தது. ரோட்டின் ஒவ்வொரு ஒட்டும் உள்ளங்கையில் தெரிந்தது. வளைவில் வண்டி அவன் நினைத்த இடத்துக்கு, நினைத்த கணமே திரும்பியது. நான்கு வருடம் வீண் போகவில்லை.

வளைவைத் தாண்டியதும் ஒரு மொபெட். பின்னால் ஒரு பெண், மடியில் பூக்கூடை.

அப்போது வந்தது.

ரப்பர் கருகும் வாசம்.

கிளட்ச்சாக இருக்கலாம். பிரேக்காக இருக்கலாம். முன்னால் போன ஏதோ ஒரு லாரியாக இருக்கலாம்.

"உங்களுக்கு வாசம் வருதுங்களா?"

"என்ன வாசம்?"

"ரப்பர் கருகறாப்ல."

தேவசகாயம் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டியும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்களே."

பிரேக்கை மிதித்தான். ஓரம் கட்டினான். எஞ்சினை அணைத்து, சாவியை உருவி அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கினான். நாலு எட்டு தள்ளிப்போய் ஈர மண்ணில் உட்கார்ந்தான்.

இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் காத்திருந்தான்.

மொபெட் சின்னதாகி மறைந்தது.

அவன் விழவில்லை. வாசம் மெதுவாக விலகியது.

திரும்பிப் பார்த்தபோது தேவசகாயம் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் தடவிக்கொண்டிருந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"ஒம்பது வருசமா நானே பாத்துப் பாத்து வெச்ச வண்டிங்க. எங்க கொறைன்னு சொல்லுங்க."

"வண்டில ஒரு கொறையும் இல்லீங்க."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. வாசம் கீசம்னு எதுக்குங்க?"

சொல்லிவிடலாம். வலிப்பை மறைத்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த வேகத்தில் போனதை எப்படிச் சொல்வது?

"நீங்க போங்க. நான் பஸ்ஸுல வந்தர்றேன்."

பானெட்டை அடித்து மூடினார். கிளம்பிப்போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்றாவது கியர் விழும் சத்தம் வரை கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு லாரிகள்தான்.

தூறல் விழ ஆரம்பித்தது. போனை எடுத்தான்.

"என்னுங்க மாமா, வண்டி புடிச்சிருக்குதா?" என்றாள் சுகந்தி.

"புடிச்சிருக்குது."

"அப்பறம் என்ன, எடுத்தர வேண்டியதுதான?"

ஒரு லாரி கடந்து போனது.

"நீ ஓட்டப் பழகிக்கிறியா?"

"நானா?" அவள் சிரித்தாள். சைக்கிளைக்கூடத் தள்ளிக்கொண்டே போகிறவள். விடாமல் சிரித்தாள்.

"நெசமாத்தான் கேக்கறேன்" என்றான்.

சிரிப்பு பாதியில் நின்றது.