முக்கால் அங்குலம்

"அண்ணே, வெளிய வாங்க. எவ்வளவு நேரம்தான் அங்கேயே கிடப்பீங்க?"

குரல் கேட்டு, ஜீப்புக்கு அடியிலிருந்து எடைக்கல் வெளியே வந்தார். மெக்கானிக்குக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. உடம்பு நூற்றுப் பத்து கிலோ. எந்த வண்டிக்கு ஸ்பிரிங் போட்டாலும் பின்சீட்டில் தானே ஏறி உட்கார்ந்து, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்த பிறகுதான் வண்டியை வெளியே விடுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

வழக்கமாக, அடியிலிருந்து எழுந்து நிற்பதற்குள் நாலு தடவை 'அம்மாடி' சொல்வார். கதவைப் பிடித்துத் தொங்குவார். முழங்காலைத் திட்டுவார். இன்றைக்கு என்னவோ பூனை மாதிரி எழுந்துவிட்டார். புது டாக்டர் கொடுத்த மாத்திரை பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

எதிரே ஓர் ஒல்லி மனிதர் நின்றிருந்தார்.

"குவாரிக்காரர் அனுப்பினாரா?"

"இல்லண்ணே. எனக்கும் இந்த ஜீப்புக்கும் பழைய பழக்கம்."

கல்குவாரிக்காரர் ஏதோ இழவு வீட்டில் சல்லிசாக வாங்கிய ஜீப் அது. பாறையில் ஏறும்போதெல்லாம் பின்பக்கம் தரையில் இடிக்கிறது, ரெண்டு அங்குலம் தூக்கிக் கொடு என்று காலையில் விட்டுவிட்டுப் போனார்.

"தூக்கியாச்சு," என்றார் எடைக்கல் பெருமையாக. "ரெண்டு பக்க ஸ்பிரிங்குலயும் கூடுதலா ஒரு பட்டை போட்டுக் கட்டிட்டேன். உட்கார்ந்து பார்க்கிறதுதான் பாக்கி. நாலு மணிக்கு ஸ்கூல்ல என் பொண்ணு நாடகம். ராஜா வேஷம். ரெண்டு வருஷமா நான் போகலைன்னு நேத்து மீசையை ஒட்டிக்கிட்டு எனக்கு மரண தண்டனை கொடுத்துட்டா. இன்னிக்கு முதல் வரிசையில உட்கார்ந்தா மன்னிப்பாம்!"

ஒல்லி மனிதர் சிரிக்கவில்லை. "அடியில படுக்கும்போது முட்டுக்கட்டை வெச்சீங்களா?"

"எப்பவும் வைப்பேன். இன்னிக்கு ஒரே ஒரு நட்டுதான் பாக்கி. அதுக்கு எதுக்குன்னு ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்துட்டேன். அவசரம்."

ஜாக்கி சக்கரத்தின் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. ஒல்லி மனிதர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரங்கே! போனை எடு!" என்று எங்கோ ஒரு சின்ன ராஜா அதட்டினாள். மகள் தன் குரலிலேயே பதிவு செய்து கொடுத்த ரிங்டோன். எடைக்கல் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். போனைக் காணோம்.

"அடியில விழுந்திருக்கும். கத்தட்டும். இதோ கிளம்பிட்டேன்னு நேர்லயே போய்ச் சொல்லிக்கிறேன். சார், டேப் பிடிச்சு அளக்கிற பையன் இன்னிக்கு லீவு. ஒரு நிமிஷம் நீங்க பின்சீட்டுல ஏறி உட்காருங்க, நான் பார்க்கிறேன்."

"நான் உட்கார்ந்து பிரயோஜனம் இல்லண்ணே."

"ஒல்லியா இருந்தா என்ன? கொஞ்சமாவது இறங்காதா? ஏறுங்க!"

மட்கார்டிலிருந்து டேப்பைக் காலையிலேயே தொங்கவிட்டிருந்தார். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு நேரே இருபது அங்குலம். ஒல்லி மனிதர் ஏறி உட்கார்ந்தார். இருபது.

"குதிங்க சார்!"

குதித்தார். பட்டை கிறீச்சிடவில்லை. டேப் ஆடவில்லை. சீட்டின் ரெக்சினில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எடைக்கல் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"நீ... நீ யாருய்யா?"

"குவாரிக்காரருக்கு முன்னாடி இது என் வண்டிண்ணே."

இழவு வீடு. யாருடைய இழவு என்று இப்போது புரிந்தது. எடைக்கல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"கிட்ட வராதே! நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

"பயப்படாதீங்க. நானும் இதே மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தவன்தான். வீட்டு வாசல்லயே, சொந்தமா. முட்டு வைக்கலை. மூணு வருஷமா ஏறி ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன். நூலளவுகூட இறங்க மாட்டேங்குது."

"பொய்! நீ என்னை ஏமாத்துறே. ஸ்பிரிங்தான் கெட்டியா இருக்கு. கூடுதல் பட்டை போட்டதுல இறுகிப் போச்சு, அவ்வளவுதான்!"

பயந்தவனுக்கு வருகிற வீம்பு அவருக்கும் வந்தது. தன் தொழில் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை பேய்க்கெல்லாம் அசைந்துவிடாது.

"இறங்கு நீ. நான் ஏறிக் காட்டுறேன். நூத்திப் பத்து கிலோ! முக்கால் அங்குலம் இறங்கும். இருபது வருஷமா ஒரு வண்டிகூட என் எடைக்கு இறங்காம இருந்ததில்லை!"

ஒல்லி மனிதர் இறங்கி, டேப்புக்குப் பக்கத்தில் குந்தினார். எடைக்கல் ஏறி, பின்சீட்டின் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தார். தொப் என்ற சத்தம் வரவில்லை.

"எவ்வளவு?"

ஒல்லி மனிதர் டேப்பின் மேல் இன்னும் குனிந்தார்.

"எவ்வளவுன்னு கேட்கிறேன்ல!"

"இருபதுண்ணே."

எழுந்து குதித்தார். மறுபடி குதித்தார். மூச்சு வாங்கும் என்று பார்த்தார். வாங்கவில்லை.

"நாலு மணிக்கு நான் போகணும்யா," என்றார். குரல் கெஞ்சியது. "முதல் வரிசையில உட்கார்றேன்னு சொல்லியிருக்கேன்."

"போங்கண்ணே. யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா உட்கார்ந்தாலும் பாப்பாவுக்கு அந்த நாற்காலி காலியாத்தான் தெரியும்," என்றார் ஒல்லி மனிதர்.

"யாரங்கே! போனை எடு!"

எடைக்கல் இறங்கி, தரையில் படுத்து, ஜீப்புக்கு அடியில் கையை நீட்டினார். போன் எங்கேயும் விழுந்திருக்கவில்லை, அவருடைய சட்டைப் பைக்குள்தான் மினுங்கிக்கொண்டிருந்தது. பின் அச்சுக்குக் கீழே, அந்தச் சட்டைக்குள் அவரும் இருந்தார்.