காட்டிக்கொடுக்காத வண்டி

"வீட்டுல பளபளன்னு புதுக் கார் நிக்குமே. இந்த முப்பது வருஷத்துத் தகரம் உனக்கு எதுக்கு லா?"

கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி கேட்டார் கோக் லியோங். தெமர்லோ ஊரில் பழைய கார்களைப் பழுது பார்த்து விற்பவர்.

"பழைய வண்டிதான் எனக்குப் பிடிக்கும், அங்கிள். எனக்கு மருந்து போட்ட நர்ஸ் அக்காதான் இங்க போகச் சொன்னாங்க," என்றாள் சுஹைலா. வாய்தான் சொன்னது, கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. அவள் வலது தோளில் நான்கு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மணி ஒன்றரை. கணவன் ஜம்ரி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தான். இரண்டு மணிக்குப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும் கைப்பேசியைத்தான் பார்ப்பான். புதுக் கார் எந்தத் தெருவில் நிற்கிறது, கதவு எப்போது திறந்தது, எல்லாம் அதில் வந்துவிடும். போன மாதம் தன் சொந்த அக்கா வீட்டு வாசலில் பத்தே நிமிடம் நின்றாள். அதற்கு வாங்கிய அடியில் இடது தோளை இன்னும் தூக்க முடியவில்லை, பாவம்.

"புதுக் கார் எங்க?"

"பல் கிளினிக் வாசல்ல."

"போனு?"

"அதுக்குள்ளயே வச்சுட்டேன்."

"டோல் கார்டு?"

அவள் பையைத் திறந்து காட்டினாள்.

"கெட்டது போ! இது உன் புருஷன் பேர்லதானே இருக்கு? ஒரு டோல் தாண்டினா போதும், அவன் போன்ல டிங்குன்னு விழும். ஹைவே பக்கமே தலை வச்சுப் படுக்காதே. ஜெராந்துட் வழியா பழைய ரோட்டுலயே போ."

சுஹைலா பையை இறுக்கி மூடினாள். ஓடிப்போகிறேன் என்று அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே!

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. அவர் முதுகைக் காட்டி நின்று தாழ்ந்த குரலில் பேசினார். "ஆமா, வந்துட்டா... பிள்ளையும் கூட இருக்கு... இல்ல, இன்னும் கிளம்பல."

அவள் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தாள். வாசலுக்கு நாலு எட்டுதான்.

"நில்லு!"

அவர் ஓடிவந்து குழந்தையின் கையைப் பிடித்தார். "இந்த வாட்ச் யார் வாங்கிக் குடுத்தது?"

"அவருதான்... பிறந்த நாளுக்கு..."

அவர் அதைக் கழற்றி, வெளியே புறப்பட்டுக்கொண்டிருந்த முட்டை லாரியின் தட்டுகளுக்கு நடுவே வீசினார். "இதுவும் இடத்தைக் காட்டும். எதிர்த்திசையில குவாந்தான் வரைக்கும் போய்த் தேடட்டும்."

பிறகு கார் சாவியை நீட்டினார். "இது விக்கிற வண்டி இல்ல. குவா முசாங்ல ஒருத்தி உனக்கு ரூம் ஒழிச்சு வச்சிருக்கா. சாவியை அவகிட்ட குடுத்துடு. அடுத்து வர்றவளுக்கு வேணும்."

சுஹைலாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "இதெல்லாம் உங்களுக்கு எப்படி அங்கிள் தெரியும்?"

கோக் லியோங் குனிந்து, காய்ந்த கிரீஸை நகத்தால் சுரண்டினார்.

"இப்ப போன்ல பேசினாளே, அந்தக் குவா முசாங்காரி, அவதான் இந்த வண்டியில மொதல்ல ஓடிப்போனவ. என் பொண்டாட்டி. கார்டு, போன், வாட்ச்னு ஒவ்வொண்ணா வச்சு அவளைத் துரத்தினவன் நான்தான்."