ஜிஜி டீச்சரின் சக்கைக் கத்தி

கிட்ட வந்து இருங்க மக்களே, ஒரு கத்திப்பிடியோட கதை சொல்லுறேன். பாறசாலையில், பலாப்பழம் வெட்டி விற்கிற சுகிர்தபாய் வீட்டு முற்றத்தில் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பெங்களூரில் பத்து வருடம் மிக்ஸிக்கும் விசிறிக்கும் வடிவம் வரைந்துவிட்டு, இப்போது அந்த வேலையைக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற ஜிஜி, பலாச்சக்கை வெட்டத் தான் வடிவமைத்த கத்தியை நீட்டுகிறாள். சுகிர்தபாய் சரி என்றால் திங்கட்கிழமை பட்டறையில் நூறு கத்தி அடிப்பார்கள். அவளோடு வந்த மாணவர்கள் ஆறு பேரும் சுற்றி நிற்கிறார்கள். சுகிர்தபாய், பிசின் ஒட்டாமலிருக்க இரண்டு கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு கத்தியைப் பிடிக்கிறாள். வழவழவென்று மின்னும் பிடி வழுக்கி, கத்தி சக்கைமேல் விழுகிறது. “அழகுண்டு மக்கா, பிடிதான் மீன் மாதிரி போவுது. எண்ணெ தேய்க்காம சக்க வெட்டுனது யாராக்கும்?” “நானாக்கும் அக்கா,” என்று ஜிஜி சிரித்துவிடுகிறாள். “இந்த ஊர்லேயே பிறந்துட்டு, ஏசி அறையில உலந்த கையோட பிடிச்சுப் பாத்தேன்.” எண்ணெய்க் குப்பியை வாங்கி ஆறு பேர் உள்ளங்கையிலும் ஊற்றுகிறாள். “இப்போ பிடிச்சுப் பாருங்க. பிறகு நான் வரைஞ்சதைத் திருத்துங்க.” அவர்களில் ஒருத்தியான ஆர்யா, டீச்சர் தாளில் வரைந்த கத்திப் படத்தின்மேல் தயங்கித் தயங்கி முதல் கோட்டை இழுக்கிறாள். அவள் எண்ணெய் விரல் பட்ட இடமெல்லாம் தாள் வெயிலை உள்ளே விடுகிறது. ஜிஜி அதைத் துடைக்கவில்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறாள். உங்க வீட்டுப் பிள்ளைகளும் தயங்கினாலும் இப்படித் தைரியமா கோடு இழுக்கட்டும் மக்களே, வீடு நிறைய சிரிப்பு இருக்கட்டும்.