மலைக்கு அந்தப் பக்கம்

ஸ்டேஷன் மேனேஜர் புதிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

டிக்கெட் கவுன்டரில் இருப்பவளும் தட்டினாள். பாதியில் கை நின்றுவிட்டது.

இத்தனை நாளும் மெட்ரோ என்றால் ஏழே ஸ்டேஷன். மலையடிவாரத்தோடு சுரங்கம் முடிந்துவிடும். பொம்மை ரயில் என்று ஊரே கேலி பேசும்.

இப்போது அந்தச் சிவப்புக் கோடு மலைக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, இன்னும் மூன்று புள்ளிகள் நீண்டிருந்தது. நடுப்புள்ளிக்குக் கீழே, அவள் விட்டுவிட்டு வந்த கடைவீதியின் பெயர்.

"இனிமே மலையைச் சுத்திக்கிட்டு ஒரு பகல் பூரா பஸ்ல முதுகு ஒடிய வேணாம். கண்ணை மூடித் திறந்தா அந்தப் பக்கம்!" என்றார் மேனேஜர், சுரங்கத்தைத் தானே தோண்டப்போகிறவர் மாதிரி.

அவள் மறுபடியும் அந்த நடுப்புள்ளியைப் பார்த்தாள்.

அந்த ஒரு பகல் தூரத்தை நம்பித்தான் இங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். தலைநகரத்துக்குப் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு எதிர்த்திசையில் பஸ் ஏறியவள். வேலைவெட்டி இல்லாமல் யாரும் மலையைச் சுற்றிக்கொண்டு வர மாட்டார்கள்.

இனி வருவார்கள். வேடிக்கை பார்க்கவே வருவார்கள். இதே கண்ணாடிக்கு முன்னால் வரிசையில் நின்று, குனிந்து, உள்ளே இருக்கும் முகத்தைப் பார்ப்பார்கள்.

"அதெல்லாம் கட்டி முடிக்க இன்னும் எத்தனையோ வருஷமாகும்" என்று காவலாளி முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஆனாலும் டிக்கெட்டை நீட்டும்போது ஒவ்வொரு முகமாக இப்போதே உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

மாற்றல் கேட்கலாமா? ஏழு ஸ்டேஷனுக்குள் எங்கே போய் ஒளிவது?

பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். எக்கி எக்கி, கோட்டின் மேலேயே விரலை ஓட்டி, மலையைத் தாண்டினாள்.

"அம்மா, அந்தப் பக்கம் நமக்கு யாராவது இருக்காங்களா?"

மற்ற நாளென்றால் அந்த 'அம்மா'வில் மனசு குளிர்ந்துவிடும். இன்று தூக்கிவாரிப் போட்டது.

யாருமில்லை என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் மகள் திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கமாக ஏறி நின்ற அந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"இருக்காங்க... எங்க அக்கா."

"ஐ! பெரியம்மாவா?" என்று குதித்தாள் மகள்.

ஆள் இல்லை, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பார்த்துக்கோடி, சாயங்காலம் வந்து தூக்கிக்கிறேன் என்று கைக்குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, அவசரமாக வேலைக்குப் போன அக்கா.