தலைகீழாக ஒட்டிய குலப்பெயர்

மேடான் நகரில் எங்கள் வீட்டு வாசலில் காரின் பின்கதவு திறந்து நிற்கிறது. கால்வைத்து ஏறும் கதவடியில் ஒட்டிய புது எஃகுத் தகட்டில் வெயில் பட்டுச் சுவரில் ஆடுகிறது. அதில் பொறித்த எங்கள் குலப்பெயர், சிஹோம்பிங், தலைகீழாக இருக்கிறது. ஒட்டியது நான்தான். மகன் தோகரின் கையிலிருந்து தகட்டைப் பிடுங்கி, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே ஒட்டினேன். அவன் நகத்தால் நெம்பிப் பார்க்கிறான்.

"அப்பா, உரிச்சா பெயிண்டும் சேந்து வந்துரும்."

"உரிக்காத. உள்ள இருக்கிறவனுக்கு நேராத்தானே இருக்கு? வண்டி நம்மளது."

"அப்ப சம்பந்தியத் தலைகீழா நடந்து வரச் சொல்லுங்க," என்கிறாள் வாசற்படியில் நிற்கும் என் மனைவி தியூர்.

தோகரின் கல்யாணத் தேதி குறிக்கச் சம்பந்தி ஹுதாபெயாவை இந்த வண்டியில்தான் தேவாலயத்துக்கு அழைத்துப் போக வேண்டும். எங்கள் வழக்கத்தில் பெண் கொடுப்பவர் எங்களுக்கு மேலானவர். அவர்முன் நாங்கள்தான் குனிய வேண்டும். யாருக்கும் வளையாத என் முதுகைக் காலையிலிருந்து அதற்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

அவர் வருகிறார். வண்டியில் ஏறக் காலைத் தூக்கியவர் தகட்டைப் பார்த்து நிற்கிறார். தலையைச் சாய்க்கிறார், போதவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பை வளைத்து, கதவடிவரை குனிந்து, கழுத்தைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்.

"சி... ஹோம்..."

எதிர்வீட்டில் எல்லோரும் வெளியே வந்து பார்க்கிறார்கள்.

"மெதுவாப் படிங்க, சம்பந்தி," என்கிறேன், முதுகை நிமிர்த்தியபடி. "அவசரமே இல்ல."